வாலால் வந்த பெயர்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இரு கூறாக வகுத்தார் நன்னூலார். மரம், மண் என்பன காரணம் கேளாமல் வழங்குவன. பறப்பதனால் பறவை, அணிவதனால் அணி என்பன காரணம் பற்றி வந்தன. இவற்றோடு, ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்கு ஆகி வரும் ஆகுபெயர் என்னும் வழியும் நம் இலக்கணத்தில் உண்டு. பாவை போன்றவளைப் பாவை என்றே சொல்லிவிடுவது உவமையாகுபெயர். கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. கடந்த அறுபது ஆண்டுகளில் உலக மொழிகள் பலவற்றுக்குள் ஒருசேரப் புகுந்துவிட்ட உவமையாகுபெயர் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. அதனைப் படைத்தவன் கவிஞன் அல்லன்; படைத்தவன் இன்னான் என்று கூறவும் இயலாது. கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில், வேலைக்கு நடுவே யாரோ சொல்லி, எல்லாரும் ஏற்றுக்கொண்ட பெயர் அது. கணிப்பொறியின் மவுஸ் என்பதே அப்பெயர்.

1970ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 3,541,541 என்னும் எண்ணிட்டு ஒரு கருவிக்கு உரிமை வழங்கியது. விண்ணப்பம் 1967 ஜூன் 21இல் அளிக்கப்பட்டிருந்தது. கண்டுபிடித்தவர் டக்ளஸ் எங்கல்பார்ட். அந்த ஆவணத்தில் கருவிக்கு இட்ட பெயர், 'காட்சித்திரை அமைப்புக்கான எக்ஸ்-ஒய் இடங்காட்டி' என்பது. குறை சொல்ல இடமில்லாத காரணப்பெயர். இலக்கண ஆசிரியரும் வழக்கறிஞரும் ஒருங்கே மெச்சத்தக்கது. ஆனால் அப்பெயரால் அக்கருவியை யாரும் அழைக்கவில்லை. விண்ணப்பம் அளிப்பதற்கு ஈராண்டுக்கு முன்பே, 1965 ஜூலையில் அதே குழுவினர் எழுதிய ஓர் அறிக்கையில், பயன்படுத்துவோரின் வலக்கைக்கு எட்டும் இடத்தில் மவுஸ் என்றொரு கருவி இருக்கும் என்று எழுதிவிட்டார்கள். சட்டம் தன் பெயரைச் சூட்டுவதற்கு முன் பேச்சு வழக்கு தன் பெயரைச் சூட்டிவிட்டது.

எங்கல்பார்ட்டின் கதையை இரண்டாம் உலகப்போரின் இறுதியிலிருந்து தொடங்க வேண்டும். 1925இல் ஆரகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பிறந்த அவர், அமெரிக்கக் கடற்படையில் ராடார் பழுதுபார்க்கும் பயிற்சி பெற்றுப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். அவர் போய்ச் சேரும்போது போர் முடிந்துவிட்டது. லேட்டே தீவில் செஞ்சிலுவைச் சங்கத்தார் நடத்திய நூலகம் ஒன்று, கால் நட்டு உயர்த்திய ஓலைக்குடிசையில் இருந்தது. அங்கே வான்னிவர் புஷ் என்னும் அறிவியலார் 1945இல் எழுதிய கட்டுரையொன்று அவர் கண்ணில் பட்டது. மனித இனம் சேர்த்து வைத்த அறிவு, யாரும் தேடி எடுக்க முடியாத அளவுக்குக் குவிந்துவிட்டது. அதனை ஒன்றோடொன்று பிணைத்து வைத்து, வேண்டும்போது எடுத்துத் தரும் மேசையொன்று வேண்டும் என்பது அக்கட்டுரையின் கருத்து. ஓலைக்குடிசையில் படித்த அந்தக் கருத்து அவருடைய உள்ளத்தில் ஆண்டுகள் பல உறங்கிக் கிடந்தது.

1950ஆம் ஆண்டு இறுதியில், 25 வயதில், திருமணம் நிச்சயமாகியிருந்த வேளையில், தம் வாழ்நாள் முழுவதும் என்ன செய்வது என்று அவர் எண்ணிப் பார்த்தார். உலகத்தின் இடர்கள் நாளுக்கு நாள் சிக்கலாகின்றன. அவற்றை மனிதர்கள் கூடியிருந்து தீர்க்கும் ஆற்றலைப் பெருக்க ஒரு கருவி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ராடார் திரையின் முன் அமர்ந்து பழகியவராதலால், கணிப்பொறியும் திரையில் எழுத்தையும் படத்தையும் காட்டக்கூடும் என்று அவரால் கற்பனை செய்ய முடிந்தது. அக்காலத்துக் கணிப்பொறிகள் துளையிட்ட அட்டைகளை உண்டு காகிதத்தை உமிழ்ந்துகொண்டிருந்தன. அவற்றின் முன் ஒருவன் அமர்ந்து சிந்திக்கலாம் என்பது பலருக்கு வேடிக்கையாகப் பட்ட காலம் அது. அவர் 1957இல் மென்லோ பார்க்கிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1962இல், மனித அறிவின் ஆற்றலைப் பெருக்குதல் குறித்து நெடிய அறிக்கை ஒன்றை எழுதினார். மவுஸ் பற்றிய பேச்சு எதுவும் இன்றியே அந்தப் பெருந்திட்டம் அதில் விரிந்து கிடந்தது. மவுஸ் அத்திட்டத்தின் ஒரு சிறு உறுப்பாகவே பின்னர் வந்தது. இதனை மனத்தில் கொள்ளாவிட்டால் அவருடைய பிற்காலத்து மனக்குறை நமக்கு விளங்காது.

திரையில் எழுத்து தோன்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சொல்லை நீக்க வேண்டும். எந்தச் சொல் என்பதைக் கணிப்பொறிக்கு எப்படித் தெரிவிப்பது? இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல் என்று எண்ணிச் சொல்லலாம். எதிரில் நிற்கும் நண்பனிடம் அவ்வாறு யாரும் பேசுவதில்லை. 'இதை எடுத்துவிடு' என்கிறோம்; விரல் அச்சொல்லின்மேல் நிற்கிறது. மொழிக்குள் வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லும் இருந்தாலும், அ, இ என்னும் சுட்டுகள் இல்லாவிட்டால் இருவர் எதிரெதிர் அமர்ந்து பேசுவதே கடினமாகிவிடும். (உ என்னும் இடைச்சுட்டு தமிழகத்தில் வழக்கொழிந்தும், உது, உவன் என்று ஈழத்தார் பேச்சில் இன்றும் உயிரோடிருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) கணிப்பொறியோடு பேசும் மொழியில் சுட்டு என்னும் உறுப்பு அன்று சரியாக அமையவில்லை. எங்கல்பார்ட் தேடியது அதனைத்தான்.

சுட்டும் கருவிகளே அதற்கு முன் இல்லை என்று சொல்வதற்கில்லை. பிரிட்டிஷ் கடற்படைக்காக 1946இல் ரால்ஃப் பெஞ்சமின் என்பார் ஒரு பந்தைக் கையால் உருட்டித் திரையில் குறியை நகர்த்தும் அமைப்பைக் கண்டார்; அது போர் இரகசியமாகவே வைக்கப்பட்டது. 1952இல் கனடாக் கடற்படைக்கான ஆய்வொன்றில் அதே போன்ற அமைப்பை உருவாக்கியவர்கள், அந்நாட்டில் விளையாடப்படும் ஐங்கட்டைப் பந்தாட்டத்தின் பந்தையே எடுத்துப் பொருத்தினார்கள். திரையைத் தொட்டுக் காட்டும் ஒளிப்பேனா என்பதும் வழக்கில் இருந்தது. ஆனால் அதனை ஏந்திக் கையை உயர்த்தியபடியே நெடுநேரம் வேலை செய்தால் தோள் வலிக்கும். ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்து வைக்கவும் வேண்டும்.

1961இல் கணிப்பொறி வரைகலை பற்றிய ஒரு கருத்தரங்கில் அமர்ந்திருந்தபோது எங்கல்பார்ட்டின் எண்ணம் வேறு பக்கம் திரும்பியது. கருத்தரங்குகளில் அமர்ந்து பழகிய நமக்கு இது வியப்பன்று. அவர் நினைவுக்கு வந்தது பரப்பளவுமானி என்னும் பழைய கருவி. 1854இல் சுவிட்சர்லாந்து நாட்டு யாக்கோப் அம்ஸ்லர் அமைத்தது. நில வரைபடத்தில் ஒரு வயலின் எல்லையை அதன் முனையால் சுற்றி வந்தால், அதிலுள்ள சிறு சக்கரம் உருண்ட அளவைக் கொண்டு வயலின் பரப்பைச் சொல்லிவிடும். சக்கரம் தன் திசையில் நகர்த்தினால் உருளும். குறுக்கே இழுத்தால் உருளாமல் வழுக்கும். இந்த எளிய இயல்பே அதன் உயிர். இரண்டு சக்கரங்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் என்ன? முன்னும் பின்னும் நகர்ந்ததை ஒன்று சொல்லும். இடமும் வலமும் நகர்ந்ததை மற்றொன்று சொல்லும். இரண்டும் சேர்ந்து மேசைமேல் கை சென்ற வழியைச் சொல்லும். குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

அவ்வெழுத்துக்கு உருக்கொடுத்தவர் பில் இங்கிலீஷ். ஆங்கிலம் என்பதையே குடும்பப் பெயராகக் கொண்ட இப்பொறியாளர் 1929இல் கெண்டக்கி மாநிலத்தில் பிறந்தவர்; எங்கல்பார்ட் குழுவின் தலைமைப் பொறியாளர். 1964இல் முதல் கருவி உருவாயிற்று. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மரக்கட்டை. அடியில் இரண்டு உலோகச் சக்கரங்கள். மேலே ஒரு மூலையில் சிவப்புப் பொத்தான் ஒன்று. கணிப்பொறியோடு இணைக்கும் கம்பி. தச்சுப் பட்டறையில் கிடக்கும் துண்டுக் கட்டையைப் போன்ற அதன் படத்தைப் பார்க்கும்போது, இதிலிருந்தா இவ்வளவும் என்று தோன்றும். அதன் ஓரங்களை ஒருவர் பொறுமையாக வழவழப்பாக்கியிருக்கிறார். அந்தக் கைகளுக்குரியவர் பெயரைக் காப்புரிமை ஆவணம் சொல்லாது. ஆவணங்களின் இயல்பு அது.

கருவி செய்தவர்கள் அதனை அப்படியே புகழ்ந்து வைத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் நல்கையில் அவர்கள் ஒரு போட்டி நடத்தினார்கள். ஒளிப்பேனா, இயக்குபிடி, மேசைக்கு அடியில் பொருத்தி முழங்காலால் அசைக்கும் கருவி ஆகியன மவுஸோடு போட்டியிட்டன. திரையிலுள்ள குறியை இலக்கில் கொண்டுபோய் நிறுத்த எவ்வளவு நேரம், எத்தனை பிழை என்று அளந்தார்கள். பழகியவர்கள் கையில் மவுஸே வென்றது. புதிதாக அமர்ந்தவர்களுக்கோ முழங்கால் கருவியும் ஒளிப்பேனாவும் விரைவாக வசப்பட்டன. முழங்கால் கருவியும் எங்கல்பார்ட்டின் எண்ணத்தில் உதித்ததே. புதியவர்களின் வாக்கை மட்டும் எண்ணியிருந்தால் இன்று நாமெல்லாம் மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்திருப்போம். 1967இல் இம்முடிவுகள் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன.

இனிப் பெயருக்கு வருவோம். முதலில் அமைத்த கட்டையில் கம்பி, பயன்படுத்துவோரின் மணிக்கட்டுப் பக்கமாகப் பின்னால் நீண்டது. கட்டை உடல், கம்பி வால். மேசைமேல் அது குறுகுறுவென்று ஓடியது. மவுஸ், அதாவது சுண்டெலி. அவ்வளவுதான். யார் முதலில் சொன்னது என்று எங்கல்பார்ட்டைப் பின்னாளில் பலர் கேட்டார்கள். யாருக்கும் நினைவில்லை என்பதே அவருடைய மறுமொழியாக இருந்தது. திரையில் நகரும் குறிக்கு அக்குழுவில் 'பூச்சி' என்றொரு பெயர் இருந்தது. 'பூனை' என்றும் வழங்கியதாகவும், மேசைமேலுள்ள எலியைத் திரையிலுள்ள பூனை துரத்துவது போலிருந்ததாகவும் அங்கே பணியாற்றிய ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். எலியைப் பூனை துரத்தும் அந்த வேடிக்கை உலகத்துக்குப் பிடிக்கவில்லை போலும். பூனை மறைந்து எலி மட்டும் நிலைத்தது. எலிக்கு வந்த மரியாதை அத்தோடு நிற்கவில்லை. கருவி நகரும் மிகச்சிறு அளவுக்கு மென்பொருள் எழுதுவோர் பின்னாளில் 'மிக்கி' என்று பெயரிட்டார்கள். திரைப்படத்துச் சுண்டெலியின் பெயர்தான்.

இதில் ஒரு வேடிக்கை. கம்பி மணிக்கட்டின் பக்கம் இருந்தால் கையில் சிக்குகிறது என்று கண்டு, விரைவிலேயே அதனை முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். வால் இருந்த இடத்தில் வால் இல்லை, மூக்கிலிருந்து நீண்டது. பெயருக்குக் காரணமான உறுப்பு இடம் மாறியும் பெயர் மாறவில்லை. இன்று கம்பியே இல்லாத மவுஸ்கள் கடைகளில் விற்கின்றன. வாலால் வந்த பெயர், வால் போன பின்னும் நிற்கிறது. காரணப்பெயர் ஒன்று காரணத்தை இழந்து இடுகுறி போல் ஆவதை இத்தனை அண்மையில், தேதியோடு பார்க்கும் வாய்ப்பு மொழி ஆய்வாளர்க்கு அடிக்கடி கிட்டுவதில்லை.

1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கணிப்பொறி மாநாட்டில், ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில் எங்கல்பார்ட் தம் குழுவின் படைப்பை அரங்கேற்றினார். அரங்கேற்றம் என்னும் சொல்லை நான் எண்ணியே ஆள்கிறேன். 90 நிமிடங்கள் அவர் மேடையில் அமர்ந்து பேசினார். கணிப்பொறியோ ஏறத்தாழ 30 மைலுக்கு அப்பால் மென்லோ பார்க்கில் இருந்தது. நுண்ணலை இணைப்பின் வழியே இரண்டும் பேசிக்கொண்டன. திரை பல பகுதிகளாகப் பிரிந்தது. ஒரு சொல்லைத் தொட்டால் அதனோடு பிணைத்து வைத்த மற்றோர் ஏடு விரிந்தது. தொலைவிலிருந்த தோழர் ஒருவரின் முகம் திரையின் மூலையில் தோன்ற, இருவரும் ஒரே எழுத்துப்படியில் சேர்ந்து வேலை செய்தார்கள். மேடைக்குப் பின்னே நின்று எல்லாவற்றையும் ஒருங்கிணைத்தவர் பில் இங்கிலீஷ். அப்பேச்சின் நடுவே, கையிலிருந்த கருவியைக் காட்டிய எங்கல்பார்ட், இதனை ஏன் மவுஸ் என்கிறோம் என்று தமக்குத் தெரியவில்லை என்றும், சில வேளைகளில் அதற்காக மன்னிப்புக் கேட்பதுண்டு என்றும், தொடங்கிய பெயரை மாற்றாமலே விட்டுவிட்டதாகவும் சொன்னார். அரங்கம் சிரித்ததோ இல்லையோ, அந்தப் பெயர் அன்று உலகத்துக்கு அறிமுகமாகிவிட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பாகவே, மேற்கு ஜெர்மனியில் டெலிஃபங்கன் நிறுவனம் இதனை ஒத்த ஒரு கருவியை அறிவித்திருந்தது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காகச் செய்த உருட்டுப் பந்தை ரைனர் மாலபிரைன் என்பவரின் குழு தலைகீழாகக் கவிழ்த்து, பந்து மேசைமேல் உருளுமாறு அமைத்தது. பிற்காலத்தில் நம் மேசைகளில் இருந்த பந்து மவுஸ்களுக்கு அமைப்பில் நெருங்கியது இதுவே. காப்புரிமை கேட்டபோது, புதுமை போதாது என்று அங்கே மறுத்துவிட்டார்கள். அதன் பெயர் 'ரோல்குகல்', உருட்டுப் பந்து என்று பொருள். நேர்மையான காரணப்பெயர். இன்று ஜெர்மானியர்கள் அக்கருவியை 'மவுஸ்' என்றே ஒலிக்கிறார்கள். அவர்கள் மொழியிலும் எலிக்கு ஏறக்குறைய அதே ஒலிதான். தம் நாட்டில் பிறந்த பொருளுக்குத் தம் நாட்டுப் பெயர் போய், கடல் கடந்து வந்த விளையாட்டுப் பெயர் நிலைத்துவிட்டது. உருட்டுப் பந்து என்றால் எது உருள்கிறது என்று தெரிகிறது. எலி என்றால் ஓர் உயிர் கண்முன் வருகிறது. பொருளை விளக்கும் சொல்லுக்கும் பொருளைக் காட்டும் சொல்லுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவிஞர்களுக்கு நான் எடுத்துரைப்பது மிகை.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை, சுருக்கமாகச் சொல்லலாம். பில் இங்கிலீஷ் 1971இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்குச் சென்றார். சக்கரங்களுக்குப் பதிலாகப் பந்து வைத்த மவுஸ் அங்கே உருவாயிற்று. 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் என்னும் பொறியோடு அது சந்தைக்கு வந்தது. பொறியின் விலை 16,595 டாலர். ஆப்பிள் நிறுவனம் அதனை ஏழைக்கும் எட்ட வைக்க முயன்றது. ஏறத்தாழ 300 டாலர் அடக்கமாகும் கருவியை 15 டாலருக்குள் செய்து தருமாறு கேட்கப்பட்ட இளம் வடிவமைப்பாளர் டீன் ஹோவி, கடையில் வாங்கிய வெண்ணெய்க் கிண்ணத்தின் மூடியையும், அக்குளில் பூசும் நறுமணக் குப்பியிலிருந்து பிடுங்கிய பந்தையும் சேர்த்து முதல் மாதிரியை உண்டாக்கினார். 1983இல் லிசா, 1984இல் மக்கின்டாஷ். காப்புரிமை 1987இல் காலாவதியாயிற்று. மவுஸ் பெருவெள்ளமாகப் பரவியது அதன் பிறகுதான். லாஜிடெக் என்னும் ஒரு நிறுவனம் மட்டுமே தன் நூறுகோடியாவது மவுஸை 2008 டிசம்பரில் வெளியிட்டது.

அந்த நூறு கோடியில் ஒரு காசும் எங்கல்பார்ட்டுக்கு உரியதன்று. காப்புரிமை ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தம். அந்நிலையம் ஆப்பிளுக்கு ஏறத்தாழ 40,000 டாலருக்கு உரிமம் கொடுத்ததாகப் பின்னர்த் தாம் அறிந்ததாக அவர் சொன்னதுண்டு. ஆயினும் அவரை வருத்தியது பணமில்லை. 1968 மேடையில் அவருடைய வலக்கையில் மவுஸ் இருந்தது. இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகை ஒன்று இருந்தது. அவ்வைந்தையும் வீணையின் மெட்டுகளை அழுத்துவது போலச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் 31 வகைக் குறிகள் பிறக்கும். இடக்கை வினைச்சொல்லைச் சொல்லும்; வலக்கை எதை என்று சுட்டும். இரண்டும் சேர்ந்ததே அவருடைய வாக்கியம். அதனைப் பயில உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பு மனிதனை உயர்த்தும் என்று அவர் நம்பினார். உலகம் எளியதை விரும்பியது. இடக்கைப் பலகையை விட்டுவிட்டு மவுஸை மட்டும் எடுத்துக்கொண்டது. சுட்டு மட்டும் மிஞ்சியது, வாக்கியம் போய்விட்டது.

1977 வாக்கில் அவருடைய ஆய்வுக்கூடமே வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, குழு கலைந்தது. 1990களில் அவர் தம் மகளோடு நடத்திய சிறு நிறுவனத்துக்கு இடம் கொடுத்தது, மவுஸ் விற்றுப் பெருகிய லாஜிடெக்கின் அலுவலகக் கட்டடம். 1997இல் கணிப்பொறியியலின் உயர்ந்த விருதாகிய டூரிங் விருது வந்தது. 2000இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கையால் தொழில்நுட்பப் பதக்கம் வந்தது. செய்தித்தாள்கள் எழுதிய தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: மவுஸைக் கண்டுபிடித்தவர். மனித குலம் கூடிச் சிந்திக்க ஒரு வழி சமைத்தவரை, ஓர் எலியின் தந்தையாக்கிவிட்டது அந்தச் செல்லப்பெயர். கருவியை வீடுதோறும் கொண்டுசேர்த்ததில் அப்பெயருக்குப் பங்குண்டு. அது எதன் உறுப்பு என்பதை மறைத்ததிலும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். 'இடங்காட்டி' என்ற பெயரே நின்றிருந்தால், எந்த இடத்தை, எதற்காக என்று ஒருவராவது கேட்டிருப்பர். எலியைப் பார்த்து யாரும் அவ்வாறு கேட்பதில்லை. எங்கல்பார்ட் 2013 ஜூலை 2இல் மறைந்தார்; பில் இங்கிலீஷ் 2020 ஜூலை 26இல்.

பெயர் மட்டும் நாடு நாடாகப் பயணம் செய்தது. பிரெஞ்சுக்காரர்கள் எலியைக் குறிக்கும் தம் சொல்லாகிய 'சூரி' என்பதையே இட்டார்கள். 'நான் புன்னகைக்கிறேன்' என்று சொல்லும்போது வரும் வினையும் அவர்கள் மொழியில் அதே ஒலியுடையது என்பது ஒரு கூடுதல் இன்பம். ஸ்பெயின் நாட்டார் 'ரத்தோன்' என்றார்கள். போர்ச்சுக்கல்லில் 'ராத்து' என்று தம் மொழி எலியைச் சொல்ல, அதே மொழி பேசும் பிரேசிலில் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். இத்தாலியரும் ஆங்கிலத்தையே எடுத்தார்கள். ஜப்பானியர்க்கு எலியைச் சொல்ல 'நெசுமி' என்ற சொந்தச் சொல் உண்டு. ஆயினும் கருவியை 'மவுசு' என்றே அழைக்கிறார்கள். வீட்டில் ஓடும் எலி வேறு, மேசையில் ஓடும் எலி வேறு என்று பிரித்துக்கொண்டார்கள் போலும். சீனப் பெருநிலத்தில் 'எலிக்குறி' என்ற பொருளிலும், தைவானில் 'வழுக்கும் எலி' என்ற பொருளிலும் சொல் அமைத்தார்கள்.

தமிழுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? பேச்சில் மவுஸ் என்பதே வழங்கியது, இன்றும் வழங்குகிறது. மதிப்பு, கிராக்கி என்னும் பொருளில் மவுசு என்றொரு சொல் ஏற்கெனவே நம்மிடம் இருந்ததால், 'மவுஸுக்கு மவுசு கூடிவிட்டது' என்று எழுதாத இதழே இல்லை எனலாம். எலி என்று நேராகப் பெயர்த்தவர் உண்டு. ஆங்கிலத்தார் சொன்னது சுண்டெலியை; எலி, சுண்டெலி, வெள்ளெலி, பெருச்சாளி, மூஞ்சூறு என்று நுட்பமாகப் பிரித்த மொழியில் பொதுவாக எலி என்று சொல்வது சற்றே அயர்வுதான். சுட்டெலி என்று ஒருவர் புனைந்தார். சுண்டெலியின் ஒலியும், சுட்டும் தொழிலும், எலியின் உருவும் ஒரே சொல்லில் இசைந்த அழகிய ஆக்கம். எழுதினவர் மனம் கவிதை மனம் என்பதில் ஐயமில்லை. சொடுக்கும் தொழிலைக் கொண்டு சொடுக்கி என்றார்கள் வேறு சிலர். இவையெல்லாம் இருக்க, பாடநூலில் ஏறி நிலைத்தது சுட்டி.

முதலில் எனக்கு அதில் மனம் செல்லவில்லை. உவமை போய்விட்டதே, உயிர் போய்விட்டதே என்று தோன்றியது. ஆனால் எங்கல்பார்ட்டின் அறிக்கைகளைப் படிக்கப் படிக்க, உலக மொழிகள் பலவும் வாலைப் பார்த்துப் பெயரிட, தமிழ் விரலைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறது என்பது விளங்கியது. அவர் தேடியது சுட்டு. அது வினைக்கு முன்னோ பின்னோ நின்று 'இதை' என்று சொல்லும் உறுப்பு. தொல்காப்பியர் காலத்திலிருந்து நம் இலக்கணம் அதற்கு வைத்திருக்கும் பெயரும் சுட்டுதான். அவர் வேண்டிய பொருளை நேரே சொல்லும் பெயர் அவர் மொழியில் நிலைக்காமல், அவர் அறியாத மொழியொன்றில் நிலைத்துவிட்டது. தொட்டால் இயங்கும் திரைகள் வந்த பின்னர், மவுஸ் இல்லாமலே சுட்டுவிரல் அந்த வேலையைச் செய்கிறது. அங்கும் இச்சொல் பொருந்துகிறது, எலி பொருந்தாது.

சுட்டிக்கும் அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. குறும்பு செய்யும் குழந்தையும் சுட்டிதான். நெற்றியில் அணிவதும் சுட்டிதான். அவற்றால் குழப்பமில்லை, இடம் நோக்கிப் பொருள் விளங்கிவிடும். ஆனால் ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்குத் தாவ வைக்கும் பிணைப்பு, அதாவது 1968 மேடையில் எங்கல்பார்ட் தொட்டுக் காட்டிய அதே பிணைப்பு, அதற்கும் தமிழில் சுட்டி என்றே பலர் எழுதிவருகிறார்கள். இவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே மேடையில் அறிமுகமானவை. ஒரே பெயரில் வந்து சேர்ந்திருப்பதும் பொருத்தந்தான். கணிப்பொறிப் பாடம் நடத்தும் ஆசிரியர்தான் பாவம். வகுப்பில் அவர் மாணவர்களைப் பார்த்து, 'சுட்டியால் சுட்டியைச் சொடுக்குக' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.